‘ஹீரோஸ்’ தொடர்: போட்டோகொப்பிக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்லடியில் எனக்கு ஒரு சின்னப் போட்டோகொப்பிக் கடை. மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு பழைய படம் ஒட்டியிருக்கிறேன். கண்ணாடி போட்ட, கொஞ்சம் பருத்த யப்பான்காரன் ஒருவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிற படம். பாஸ்ட் பேப்பர் அடிக்க வரும் பிள்ளைகள், கூட வரும் தாய் தகப்பன், எதிர்க்கடைக்காரர் என்று அதைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. சிலர் தொடரைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கும் வருகிறார்கள். பதில் சொல்லிக்கொண்டே கொப்பி அடித்தால் பக்கம் மாறிவிடுகிறது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன. கதையின் முடிச்சுகள் எல்லாம் கீழே அவிழ்ந்து கிடக்கும். அது பிடிக்காதவர்கள் முதல் நான்கு கேள்வியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அண்ணே, படத்தில நிக்கிற அந்தக் கண்ணாடிக்காரன் ஆரு?

அவன் பெயர் ஹிரோ நகமுரா. டோக்கியோவில் ஒரு பெரிய அலுவலகத்தில், வரிசை வரிசையாகத் தடுத்து வைத்த மேசைகளில் ஒன்றில் இருந்து வேலை செய்கிறவன். ஒரு நாள் கடிகாரத்தை முறைத்துப் பார்த்து, அதன் நொடிமுள்ளை நிறுத்திவிடுகிறான். நேரத்தையும் இடத்தையும் வளைக்கிற சக்தி அவனுக்கு. நடித்தவர் மாசி ஓகா.

தொடரின் பெயர் ‘ஹீரோஸ்’. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 2006 செப்டம்பரில் தொடங்கி, 2010 பெப்ரவரியில் நான்காவது சீசனோடு நின்றது. உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் சாதாரண ஆட்களுக்கு ஒரே காலத்தில் சக்தி வருகிறது. அவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. நியூயோர்க் நகரம் ஒரு அணுகுண்டு போன்ற வெடிப்பில் அழியப் போகிறது என்று ஐசக் என்ற ஓவியன் முன்கூட்டியே வரைகிறான். அதைத் தடுக்கத்தான் முதல் சீசன் முழுவதும் ஓட்டம்.

இது மார்வெல்லா, டிசியா?

அந்த இரண்டு காமிக் கம்பனிகளும் இல்லை. டிம் கிரிங் என்பவர் தொலைக்காட்சிக்கென்றே புதிதாக உருவாக்கிய கதை. பழைய காமிக் எதையும் தழுவியதில்லை. ஆனால் காமிக் உலகத்து ஆட்கள் உள்ளே இருந்தார்கள். ஐசக் வரைவதாகக் காட்டும் ஓவியங்களை வரைந்தவர் காமிக் ஓவியர் டிம் சேல். எழுத்துக் குழுவில் ஜெஃப் லோப் இருந்தார். எக்ஸ்-மென் சாயல் இருக்கிறது என்று சொன்னால் மறுக்க மாட்டேன். முதல் சீசனின் சதி, அதாவது ஒரு நகரத்தை அழித்து உலகத்தை ஒன்றாக்குவது, வாட்ச்மென் காமிக்கை வாசித்தவர்களுக்குப் புதிதாகவும் இருக்காது.

அவ்வளவு நல்லம் எண்டா ஏன் நிப்பாட்டினவங்க?

தொடங்கிய இரவு அமெரிக்காவில் ஏறக்குறைய 1 கோடியே 43 இலட்சம் பேர் பார்த்தார்கள். கடைசி எபிசோடை 44 இலட்சம் அளவில்தான் பார்த்தார்கள். செலவோ குறையவில்லை. பாத்திரங்கள் ஏராளம், கதை நடக்கும் ஊர்கள் ஏராளம், கணினிக் காட்சிகள் ஏராளம். ஒரு எபிசோடுக்கு 40 இலட்சம் டொலர் அளவில் போகிறது என்று அந்த நாட்களில் எழுதினார்கள். ஆள் மூன்றில் ஒன்றாகி, செலவு அப்படியே இருந்தால் எந்தக் கடையும் ஓடாது. 2010 மே மாதம் ‘இனி இல்லை’ என்று அறிவித்துவிட்டார்கள்.

ஆட்கள் ஏன் விட்டுப் போனார்கள் என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்குப் பதில் கீழே, ஸ்ட்ரைக் கேள்வியில் இருக்கிறது.

முதல் சீசன் முதல் சீசன் எண்டு சொல்றீங்க. அதில அப்படி என்ன கிடக்கு?

வடமோடிக் கூத்துப் பார்த்த ஆளுக்கு இதைச் சொல்லி விளங்க வைப்பது சுகம். களரிக்கு ஒவ்வொரு பாத்திரமும் வரும்போது அவனுக்கென்று ஒரு வரவு இருக்கும். தன் தாளத்தில், தன் ஆட்டத்தில் வந்து, தான் யார் என்று சொல்லி நிற்பான். அடுத்தவன் வேறு தாளத்தில் வருவான். கதை இன்னும் தொடங்கியிருக்காது. ஆனாலும் நாம் பாயைச் சுருட்டிக்கொண்டு போவதில்லை, வரவே ஒரு விருந்து. ‘ஹீரோஸ்’ முதல் சீசனின் 23 எபிசோடுகளும் ஏறக்குறைய அப்படித்தான். ஹிரோவுக்கு மகிழ்ச்சியான வரவு. சக்தி கிடைத்ததில் கையைத் தூக்கி ‘யாட்டா’ என்று கத்துகிறான். கிளேர் பெனட் என்ற டெக்சாஸ் பள்ளிக்கூடப் பெண்ணுக்கு எந்தக் காயமும் ஆறிவிடும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் ஆடி உற்சாகப்படுத்தும் ‘சியர்லீடர்’ அவள். அவளுக்கு அது அருவருப்பு. மெட் பார்க்மன் என்ற பொலிஸ்காரனுக்கு மற்றவர் மனதில் நினைப்பது கேட்கிறது. அதோடு மனைவி நினைப்பதும் கேட்டுவிடுகிறது. நேதன் பெட்ரெல்லி அரசியல்வாதி, அவனால் பறக்க முடியும். வாக்குப் போய்விடும் என்று வெட்கப்பட்டு மறைக்கிறான்.

சக்தி வந்த அன்றைக்கு ஒரு மனிதன் என்ன செய்வான் என்ற ஒரே கேள்விக்கு இத்தனை விதமான பதில். உடுப்புத் தைத்து மாட்டுகிறவர்கள் யாரும் இல்லை. வேலைக்குப் போகிறார்கள், கடன் இருக்கிறது, தகப்பனோடு கோபம் இருக்கிறது. இவர்கள் ஒருவரை ஒருவர் தெருவில் முட்டிக்கொள்ளும்போது நமக்கு வரும் சந்தோஷம், இரண்டு உறவுக்காரரை ஒரே கலியாண வீட்டில் கண்ட மாதிரி. ‘சியர்லீடரைக் காப்பாற்று, உலகத்தைக் காப்பாற்று’ என்ற வரி அந்த வருடம் அமெரிக்கா முழுக்க ஓடியது. மற்றத் தொடர்கள் கேள்வியை வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த காலத்தில், இது போட்ட கேள்விக்குச் சில வாரத்திலேயே பதில் தந்தது. அந்த வேகம் பெரிய பலம்.

இன்னொன்று, மொழி. ஹிரோவும் அவன் கூட்டாளி அண்டோவும் யப்பானிய மொழியில்தான் பேசுவார்கள், துணையெழுத்து ஓடும். 2006இல் அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி ஒன்று, பிறமொழி பேசும் ஒருவனைத் தன் பார்வையாளர் மிகவும் விரும்பும் பாத்திரமாக்கியது சின்ன விஷயமில்லை.

எனக்கு எக்ஸாம். ஒரே ஒரு எபிசோட் பார்க்கத்தான் நேரம். எது?

முதல் சீசனின் 17ஆவது, ‘கொம்பனி மேன்’. முன்னால் எதையும் பார்க்காவிட்டாலும் பாதி விளங்கும்.

கிளேரின் வளர்ப்புத் தகப்பன் நோவா பெனட், வெளியே காகிதக் கம்பனி விற்பனையாளர். உண்மையில் சக்தி உள்ளவர்களைப் பிடித்து அடையாளம் போடும் ஒரு இரகசியக் கூட்டத்தின் ஆள். (காகிதம் விற்கிறவரை நம்பாதே என்று அதன் பிறகு என்னைக் கேலி செய்தவர்கள் உண்டு.) அந்த ஆள் பிடித்துக் கெடுத்த இரண்டு பேர் அவர் வீட்டுக்குள் புகுந்து குடும்பத்தைக் கட்டி வைக்கிறார்கள். கதை அந்த ஒரு வீட்டை விட்டு அதிகம் வெளியே போவதில்லை. நடுநடுவே கறுப்பு வெள்ளையில் அவருடைய பழைய காலம் வருகிறது. கொடுமைக்காரன் என்று பதினாறு எபிசோடாக நாம் நினைத்த மனிதன், மகளைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத் தன் நினைவையே அழிக்கக் கேட்கிறான். நோவாவாக நடித்த ஜாக் கோல்மன் அந்த இடத்தில் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. எழுதியவர் பிரயன் ஃபுல்லர். அவர் முதல் சீசனோடு போய்விட்டார் என்பதை மனதில் வைத்திருங்கள்.

அந்த மெட்ராஸ் பேராசிரியர் தமிழன்தானே?

மொஹிந்தர் சுரேஷ். மெட்ராஸ் பல்கலைக்கழகத்து மரபணு ஆராய்ச்சியாளர். நடித்தவர் செந்தில் ராமமூர்த்தி. சிக்காகோவில் பிறந்து டெக்சாஸில் வளர்ந்தவர். அந்த இந்திய உச்சரிப்பு நடிப்புக்காகப் போட்டது. பிறகு 2020இல் வந்த ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரில் கதாநாயகியின் தகப்பனாக வருவார். மகளாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில் பிறந்த நம் ஈழத்துப் பிள்ளை.

ஆனால் பாத்திரம் தமிழனா என்றால், எழுதினவர்களுக்கே அது தெரியாது என்றுதான் சொல்வேன். பெயரைப் பாருங்கள். மொஹிந்தர் என்பது பஞ்சாப் பக்கத்துப் பெயர். தகப்பன் பெயர் சந்திரா சுரேஷ். நம் வழக்கப்படி மகன் ‘ச. மொஹிந்தர்’ ஆகத்தானே இருக்க வேண்டும்? ஊருக்குப் போன இடத்தில் கனவுக்குள் நடந்து வரும் ஒரு சிறுவன் வருகிறான், அவன் பெயர் சஞ்சோக் ஐயர். ஒரு வரைபடத்தில் கண்ணை மூடிக்கொண்டு மூன்று இடத்தில் விரல் வைத்துப் பெயர் பொறுக்கினது போல இருக்கிறது. ஹிரோ தகப்பனோடு யப்பானிய மொழியில் பேச, மொஹிந்தர் தாயோடு ஆங்கிலத்தில் பேசுகிறார். யப்பானுக்குச் செய்த மரியாதையைச் சென்னைக்குச் செய்யவில்லை. மேலே மொழியைப் பலம் என்று எழுதினேன். அந்தப் பலம் பாதி உலகத்துக்குத்தான்.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். தொடரை எடுத்துச் சொல்கிற குரல் அவருடையது. எபிசோடின் தொடக்கத்திலும் முடிவிலும் விதி, பரிணாமம் என்று அந்தக் குரல் வரும். கட்டியகாரன் உத்தியோகம். முதல் சீசனில் அது கம்பீரமாக இருந்தது. மூன்றாவது சீசனில் அதே குரல் அதே தத்துவத்தைச் சொல்ல, எங்கள் வீட்டில் அந்த இடத்தில் தேத்தண்ணி போட எழும்பிப் போவோம். அந்த சீசனில் அவர் தனக்குத்தானே ஊசி ஏற்றி, தோல் செதிள் செதிளாகி, ஆட்களைப் பிடித்துச் சுவரில் கூட்டுப்புழு மாதிரி ஒட்டி வைக்கிறார். ஒரு பேராசிரியரை வேறு எப்படியும் கெடுக்க முடியவில்லை போல.

நான் ஏ.எல். பயோ. அதில சொல்ற ஜீன் கதை சரியா?

இல்லை மகள், சோதனையில் எழுதிவிடாதே. மனிதன் மூளையில் பத்து வீதத்தைத்தான் பாவிக்கிறான் என்று முதல் எபிசோடிலேயே மொஹிந்தர் விரிவுரை செய்கிறார். அது பழைய கட்டுக்கதை. பரிணாமம் என்பது தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டத்தில் நடக்கிற மாற்றம். ஒரு சூரிய கிரகணத்தோடு ஆறேழு பேருக்கு வந்து இறங்குவதில்லை. கதைக்கு ஒரு சாட்டு வேண்டும், அதற்கு மரபணு. அதே விரிவுரையில் கரப்பான்பூச்சியைப் பற்றிச் சொல்லும் பகுதி மட்டும் நன்றாக இருக்கும்.

எல்லாரும் வில்லனைத்தான் புகழ்றாங்க. நல்லவங்களை விட அவன் என்ன பெரிசு?

சைலர். சொந்தப் பெயர் கேப்ரியல் கிரே, மணிக்கூடு திருத்துகிறவன். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எப்படி இயங்குகிறது என்று அவனுக்கு விளங்கும், அதுதான் அவன் சக்தி. மற்றவர் சக்தியை எடுக்க அவர்களின் மண்டையை அறுக்கிறான். முதலில் பல எபிசோடுகளுக்கு அவன் முகத்தைக் காட்டவே இல்லை. தொப்பியும் நிழலும் பெயரும்தான். முகம் தெரிந்தபோது அது ஒரு சாதாரணக் கடைக்காரனின் முகம். ‘நீ விசேஷமானவன்’ என்று ஒருவர் சொல்லிவிட்டு, பிறகு ‘இல்லை’ என்று கையை விரித்ததால் கெட்டுப் போனவன். ஸக்கரி குவிண்டோ அந்தப் பசியை அழகாகக் கொண்டு வந்தார். பிறகு 2009இல் வந்த ஸ்டார் ட்ரெக் படத்தில் ஸ்போக் ஆகவும் வந்தார். ஹிரோவின் தகப்பனாக நடித்த ஜோர்ஜ் டகேயும் பழைய ஸ்டார் ட்ரெக் ஆள்தான்.

முதல் சீசன் முடிவில் ஹிரோ அவனை வாளால் குத்துகிறான். அங்கே செத்திருக்க வேண்டும். இரத்தத்தை இழுத்துக்கொண்டு நிலத்தடிக் குழிக்குள் இறங்கிப் போய்விட்டான் என்று காட்டினார்கள். அவ்வளவு பிடித்த நடிகரை விட மனம் வரவில்லை. அதற்குப் பிறகு அவனுக்குப் புதுத் தாய், புதுத் தகப்பன், காதல், மனமாற்றம், மறுபடி கொலை, மறுபடி மனமாற்றம். மூன்றாவது சீசனில் இவன் இந்தக் கிழமை நல்லவனா கெட்டவனா என்று எழுதி வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. நம் பக்கம் வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளுத்தி ஆடுவார்கள். மதுரையை எரித்தவளின் கோபத்தைத் தணித்தால்தான் சடங்கு நிறைவு. எரிகிறதற்கும் குளிர்கிறதற்கும் ஒவ்வொரு நேரம் இருக்கிறது. சைலரைக் கிழமைக்குக் கிழமை எரித்துக் கிழமைக்குக் கிழமை குளிர வைத்தால் பார்க்கிறவனுக்குச் சூடும் இல்லை, குளிரும் இல்லை.

முதல் சீசன்ட கடைசிச் சண்டை ஏன் சப்பெண்டு போச்சு?

உண்மைதான், சப்பென்று போனது. 22 எபிசோடாக ஏற்றிக்கொண்டு வந்து, நியூயோர்க்கில் ஒரு கட்டட முற்றத்தில் சில நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். குண்டு என்பது ஒரு மனிதன்தான்: நேதனின் தம்பி பீட்டர். பக்கத்தில் இருப்பவர்களின் சக்தி அவனுக்குள் வந்துவிடும். கதிர்வீச்சு சக்தி உள்ள ஒருவனிடமிருந்து அது வந்து, இப்போது வெடிக்கப் போகிறான். நேதன் பறந்து வந்து தம்பியைத் தூக்கிக்கொண்டு வானத்துக்குப் போகிறான்.

கேட்கிறவர்கள் எல்லாரும் கேட்பது: அண்ணனின் பறக்கிற சக்தி பீட்டருக்கும் இருக்கிறதே, தானே பறந்து போயிருக்கலாமே? வெடிக்கப் போகிற நேரத்தில் வேறு சக்தியைப் பிடிக்க முடியாது என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதைக் கதைக்குள் ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கும், அது வேறு. வாக்குக்காகப் பறப்பதை ஒளித்தவன் எல்லார் கண் முன்னாலும் பறந்து வருகிறான். கணக்குப் பிழைத்தாலும் மனதுக்குச் சரியாக இருக்கிறது.

ரெண்டாம் சீசன் பழுதாப் போனதுக்கு எழுத்தாளர் ஸ்ட்ரைக் தானே காரணம்?

இதுதான் அதிகம் கேட்கிற கேள்வி, அதிகம் பேர் பிழையாக நம்புவதும் இதைத்தான். அமெரிக்க எழுத்தாளர் வேலைநிறுத்தம் 2007 நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து, 2008 பெப்ரவரியில் முடிந்தது. அதனால் 24 எபிசோடு என்று திட்டமிட்ட இரண்டாம் சீசன் 11ஓடு நின்றது. அவசரமாக ஒரு முடிவு போட்டார்கள். அது சரி. ஆனால் தொடர் தளர்ந்தது அதற்கு முன்பே. அதே நவம்பரில் டிம் கிரிங் ஒரு பேட்டியில் தானே பிழைகளை ஒப்புக்கொண்டார்: கதை மெதுவாகப் போனது, ஹிரோவைப் பழைய யப்பானில் அளவுக்கு மிஞ்சி வைத்திருந்தோம், காதல் ஒட்டவில்லை, புதுப் பாத்திரங்களை மூலக்கதையோடு சேர்க்காமல் கொண்டு வந்தோம். படைப்பாளி ஒருவர் நடுச் சீசனில் மன்னிப்புக் கேட்பது அபூர்வம்.

என் கணிப்பில் வேர் இன்னும் கீழே இருக்கிறது. கிரிங்கின் முதல் எண்ணம், சீசனுக்குச் சீசன் புது ஆட்களோடு புதுக் கதை சொல்வது. முதல் வருடத்து நடிகர்கள் அவ்வளவு பிடித்துப் போனதால் அதைக் கைவிட்டார்கள். மேலே வரவு என்று சொன்னேனே, இந்தத் தொடருக்குத் தெரிந்த வித்தை அதுதான். சக்தி வந்த அன்றைக்கு என்ன நடக்கும் என்பது. வரவு ஆடி முடித்தவனை வைத்து அடுத்து என்ன செய்வது என்று கூத்தை ஆட்டுவிக்கிற அண்ணாவியாருக்குத் தெரியவில்லை. அதனால் என்ன செய்தார்கள்? ஆடினவனையே மறுபடி வரவு ஆட வைத்தார்கள். இரண்டாம் சீசனில் பீட்டர் நினைவு தப்பி, தான் யார் என்று தெரியாமல் அயர்லாந்தில் கிடக்கிறான். சைலர் சக்தி இழந்து கிடக்கிறான். மூன்றாம் சீசனில் ஹிரோவின் மனம் பத்து வயதுப் பிள்ளையாகிறது. ஒரு கிரகணத்தில் எல்லாருக்கும் சக்தி போய் மறுபடி வருகிறது. நான்காம் சீசனில் சைலர் தன்னை வேறு ஆள் என்றே நினைத்துக்கொண்டு இருக்கிறான். எல்லாம் ஒரே தந்திரம்: மறக்க வை, பறித்து வை, மறுபடி கண்டுபிடிக்க வை.

ஸ்ட்ரைக் வராமல் இருந்தாலும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருப்பார்கள், கொஞ்சம் மெதுவாக.

பீட்டர் கூட்டிக்கொண்டு போன அயர்லாந்துப் பிள்ளைக்கு மறுகா என்ன நடந்தது?

ஒன்றும் நடக்கவில்லை. கெய்ட்லினை அவன் எதிர்காலத்துக்குக் கூட்டிப் போனான், கொள்ளை நோய் பரவிய அந்த உலகத்தில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தான். பிறகு அந்த எதிர்காலமே நடக்காமல் தடுக்கப்பட்டது. அவளைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை. இந்தத் தொடரின் குறைகளில் நான் மன்னிக்காத ஒன்று இது. கதை ஓட்டை எல்லாத் தொடரிலும் இருக்கும்; ஆனால் நல்லவன் என்று நாம் நம்புகிற ஒருவன் காதலித்த பெண்ணை மறந்துவிட்டுப் போனால், ஓட்டை கதையில் இல்லை, அவன் குணத்தில் விழுகிறது.

செத்தவங்க எல்லாம் எழும்பி வாறாங்க. அப்ப எதுக்குப் பயப்படுறது?

பயப்படத் தேவையில்லை, அதுதான் வில்லங்கம். கிளேரின் இரத்தம் மற்றவரையும் எழுப்பும் என்று இரண்டாம் சீசனில் கொண்டு வந்தார்கள். மொஹிந்தர் சுட்டு, கண்ணில் குண்டு பாய்ந்து செத்த நோவா பெனட்டை அந்த இரத்தம் எழுப்பி உட்கார வைக்கிறது. அந்த நிமிடத்தில் இருந்து யார் செத்தாலும் ‘ஏன் ஒரு ஊசி இரத்தம் ஏற்றவில்லை’ என்ற கேள்வி வந்து நிற்கும்.

பீட்டரும் அதே வகைச் சிக்கல். எல்லாச் சக்தியும் உள்ளவனுக்கு எதுவும் ஆபத்தில்லை. அதனால் கதை நடக்க அவன் ஒவ்வொரு முறையும் தன் சக்தியை மறந்து, முட்டாள் மாதிரி நடக்க வேண்டியிருந்தது. மூன்றாம் சீசனில்தான் புத்தி வந்து, ஒரு நேரத்தில் ஒரு சக்தி மட்டும் என்று சுருக்கினார்கள். நல்ல திருத்தம். ஆனால் அதற்குள் பாதிப் பேர் எழும்பிப் போயிருந்தார்கள்.

சியர்லீடரைக் காப்பாத்து, காப்பாத்து எண்டுதான் முழுக் கதையும். அந்தப் புள்ள தானா என்ன செய்தா?

இதைக் கேட்டவர் எதிர்வீட்டு அக்கா, இரண்டு எபிசோடு மட்டும் பார்த்துவிட்டு. நான் நாலு சீசன் பார்த்தும் யோசிக்காத விஷயம்.

முதல் சீசனில் கிளேர் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் எபிசோடுக்குள்ளேயே தன் உடம்பைத் தானே சோதித்துப் பார்த்தவள், தீக்குள் இறங்கி ஆளைத் தூக்கினவள், தகப்பனின் பொய்யைத் தானாகக் கண்டுபிடித்தவள். பிறகுதான் அவளை ஒளித்து வைப்பதும், அவள் தகப்பனோடு கோபிப்பதும், சமாதானமாவதும் என்று செக்கு மாடாக்கிவிட்டார்கள். நிக்கி என்ற இன்னொரு பாத்திரமாக நடித்த அலி லார்ட்டருக்கு இன்னும் மோசம். ஒரு பாத்திரம் செத்ததும் அதே முகத்தோடு இன்னொரு பெண், கேட்டால் ஒரே சூலில் பிறந்த மூவரில் ஒருத்தி என்றார்கள்.

அதோடு கறுப்பினப் பாத்திரங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓவியன் ஐசக்கின் காதலியாக இருந்த சிமோன் முதல் சீசனிலேயே சுடப்பட்டுச் சாகிறாள்; நிக்கியின் கணவன் டி.எல். அடுத்த சீசனுக்குள் செத்துப் போகிறான். வெள்ளைக்காரப் பாத்திரங்கள் மூன்று தரம் எழும்பி வருகிற தொடரில் இவர்களுக்கு மட்டும் மரணம் மரணமாகவே இருந்தது. உலகம் முழுவதையும் காட்டுகிறோம் என்று தொடங்கின கதைக்கு இது அழகில்லை.

மூண்டாம், நாலாம் சீசன் பார்க்கிறதா, விடுறதா?

முதல் சீசனை முழுதாகப் பாருங்கள். இரண்டாவதை, 11தானே, சாப்பிடும்போது ஓட விடலாம். மூன்றாவதின் முதல் பாதியில் ஆளுக்கு ஆள் கட்சி மாறுவார்கள், எனக்குத் தலை சுற்றியது. அந்தப் பாதி ஓடிக்கொண்டிருந்த 2008 நவம்பரில்தான் எழுத்துக் குழுவில் இருந்த ஜெஃப் லோபையும் ஜெசி அலெக்சாண்டரையும் வேலையை விட்டு நீக்கினார்கள். இரண்டாம் பாதியில் அரசாங்கமே சக்தி உள்ளவர்களைத் தேடிப் பிடித்து, தலைமூடி போட்டு, விமானத்தில் ஏற்றுகிறது. அது பரவாயில்லை, நம் ஆட்களுக்கு அது விளக்கமில்லாமலே விளங்கும். ஃபுல்லரும் அந்தப் பக்கம் கொஞ்சக் காலம் திரும்பி வந்திருந்தார்.

நான்காவதில் சாமுவேல் என்றொரு ஆள், திருவிழாக் கொட்டகை போட்டு ஊர் ஊராகப் போகிற கூட்டத்தின் தலைவன். சக்தி உள்ளவர்கள் சுற்றிக் கூடக் கூட அவன் பலம் கூடும். ரொபர்ட் நெப்பர் நன்றாகவே செய்திருக்கிறார். அவனுக்காக ஓரிரண்டு பார்க்கலாம். கடைசிக் காட்சியில் கிளேர் பத்திரிகைக்காரர் முன்னால் இராட்டினத்தின் உச்சியிலிருந்து குதித்து, முறிந்த கையைச் சரிசெய்துகொண்டு எழும்பி, தன் இரகசியத்தை உலகத்துக்குக் காட்டுகிறாள். புதுக் கதை தொடங்க வேண்டிய இடம். அங்கே நின்றுபோனது.

2015இல திரும்ப வந்ததாமே?

வந்தது. ‘ஹீரோஸ் ரீபோர்ன்’, 13 எபிசோடு. நோவா பெனட் இருக்கிறார், ஹிரோவும் மொஹிந்தரும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறார்கள். கிளேரைக் கொண்டுவர முடியாமல், பிள்ளை பெறும்போது இறந்துவிட்டாள் என்று வாயால் சொல்லி முடித்தார்கள். எந்தக் காயமும் ஆறுகிறவள்! அதையும் ஒரு சீசனோடு நிறுத்தினார்கள். அதற்கு நான் கவலைப்படவில்லை.

சின்னப் பிள்ளைகளோட பார்க்கலாமா?

வேண்டாம். சைலர் நெற்றியை அறுக்கிற இடம் பெரியவர்களுக்கே கஷ்டம். கிளேர் பிரேதப் பரிசோதனை மேசையில் கண் விழிக்கிற காட்சி ஒன்றும் இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு மேல் என்றால் பக்கத்தில் இருந்து பார்க்கலாம்.

பிரச்சினை காலத்திலயா இதெல்லாம் பார்த்தீங்க?

ஓம், யுத்தம் நடந்த காலத்தில்தான். 2007 மார்ச்சில் படுவான்கரையில் இருந்து சனம் வாவியைக் கடந்து இந்தக் கரைக்கு வந்த நேரம், என் சித்தி குடும்பமும் எங்கள் வீட்டுக்கு வந்தது. அவர்கள் திரும்பிப் போன பிறகும் தம்பி முறையான ஒருவன் படிப்புக்காக எங்களோடு நின்றான். 2008இல் ஒரு கூட்டாளியிடம் இரவல் வாங்கிய டிவிடியில் இருவரும் பார்த்தோம். கரண்ட் போனால் அடுத்த நாள் விட்ட இடத்தில் இருந்து.

வெடிக்கப்போகிற நகரத்தின் ஆளில்லாத தெருக்களைப் பீட்டர் கனவில் காண்கிற காட்சியை அவன் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: “இவங்களுக்குக் கிழமைக்கணக்கா முன்னுக்கே தெரியுது. நமக்கு அரை மணித்தியாலம் முன்னுக்குக் கூட ஒருத்தரும் சொல்லல்லையே?” நான் டிவிடியை மாற்றப் போனேன். அவன் இப்போது கட்டாரில் இருக்கிறான். ஹிரோ படத்தை அச்சடித்துக் கொண்டுவந்து சுவரில் ஒட்டியவன் அவன்தான்.

இவ்வளவு குறை சொல்றீங்க, பிறகேன் அந்தப் படத்தைக் கழட்டாம வைச்சிருக்கீங்க?

முதல் சீசனுக்காக. அதிலும் ஒரு எபிசோடுக்காக. ஹிரோ டெக்சாஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் சார்லி என்ற பெண்ணைச் சைலர் கொன்றதை அறிந்து, ஒரே ஒரு நாள் பின்னால் போய் அவளைக் காப்பாற்றப் பார்க்கிறான். கணக்குத் தவறி ஆறு மாதம் பின்னால் போய்விடுகிறான். அந்த ஆறு மாதமும் அங்கேயே நின்று, அவளோடு பழகி, விரும்பி, கடைசியில் காப்பாற்றவும் முடியாமல் திரும்புகிறான். அவள் சைலருக்கு முன்பே, மூளையில் இருந்த ஒரு நோயால் சாகப் போகிறவள் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. நேரத்தை நிறுத்தத் தெரிந்தவனால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. நான்காம் சீசனில் அதையும் போய்க் கிண்டினார்கள், அதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

அதோடு, படத்துக்குப் பின்னால் சுவர் ஈரத்தில் பொரிந்து போயிருக்கிறது. கழட்டினால் பூச்சுப் பூச வேண்டும்.